நிலவுக்கு ஒரு திருத்தம்

அறிவியலை அடுப்பங்கரை வரை அழைத்து வந்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்ட காலம் அது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் அந்த அறிவியலிடமே நல்ல நேரம் கேட்டுக்கொண்ட காலமும் அதுவேதான். அந்தக் காலத்தில், கரூரில், பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைவாளனாக வேலை பார்த்துவந்தான் செங்கதிர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கணினி நிரல் எழுதுவான். கூலிக்காக அல்ல, புகழுக்காகவும் அல்ல. சிலர் பூச்செடி வளர்ப்பதைப் போல அவன் நிரல் வளர்த்தான். எழுதிய ஒவ்வொரு வரியையும் எவரும் படிக்கலாம், எடுக்கலாம், மாற்றலாம் என்று இணையத்தில் திறந்துவைத்தான். மூடநம்பிக்கையைச் சாடித் துண்டறிக்கை அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்த தந்தைக்குப் பிறந்தவன் வேறு எப்படிச் செய்வான்? வாரந்தோறும் தன் பக்கத்தில் 'இவ்வாரம் செய்தவை' என்று நாலு வரி எழுதுவான். டவுன் பஸ் நேரம் சொல்லும் நிரலில் வெங்கமேடு நிறுத்தம் சேர்ந்தது. பழைய எழுத்துருக்களை மாற்றும் நிரலில் ஒரு கோளாறு நீங்கியது. இப்படி நாலு வரி. வாசகர் இல்லை. அதைப் பற்றிய வருத்தமும் இல்லை.

மூன்றாவது நிரலின் பெயர் பிறை. எந்த ஊரில், எந்த நேரத்தில், வானத்தில் நிலவு எங்கே நிற்கும் என்று அது சொல்லும். தொலைநோக்கி வைத்திருந்த இரண்டு நண்பர்களுக்காக எழுதியது. நிலவொளி இல்லாத இரவில்தான் மங்கலான விண்மீன்கள் தெரியும் என்பதால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது. வானத்தை வணங்காமல் வானத்தைப் பார்க்க விரும்பியவர்களுக்கான கருவி அது.

அதை எடுத்துக்கொண்டது 'நற்பொழுது' என்ற நிறுவனம். பஞ்சாங்கம் விற்று வளர்ந்த நிறுவனம். நிலவு நிற்கும் இடம் தெரிந்தால் நட்சத்திரம் தெரியும், நட்சத்திரம் தெரிந்தால் நல்ல நேரம் தெரியும், நல்ல நேரம் தெரிந்தால் நாடே காலடியில் கிடக்கும் என்பது அதன் அதிபர் திருவேங்கடசாமியின் கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை. உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். நல்ல நேரமென்றால் பச்சை விளக்கு, கெட்ட நேரமென்றால் சிவப்பு. முதலில் கல்யாண மண்டபத்தில் மாட்டினார்கள். பிறகு பத்திரப்பதிவு அலுவலகத்தில். பிறகு, வெட்கமின்றி, மருத்துவமனையில். பிறக்கும் நேரம் குடும்பத்தின் சொத்து, தாயின் கையெழுத்து மட்டும் போதாது என்று ஒரு தீர்ப்பும் வந்தது. சிவப்பு எரியும்போது வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுக்க வேண்டுமானால் கணவன் வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும். நிலவுக்குக் கலம் அனுப்பிய நாடு, அந்த நிலவின் அனுமதிச்சீட்டுக்காகப் பிரசவ அறை வாசலில் கைகட்டி நின்றது.

செங்கதிருக்கு இதெல்லாம் தெரியும். சிரித்தான். "நான் நிலவைச் சொல்றேன். அவங்க அதுக்கு மேல என்னத்தைக் கட்டுனா எனக்கென்ன?" என்றான். திறந்துவைத்தவன் கதவைக் காவல் காக்க முடியுமா என்பது அவன் வாதம். நல்ல வாதம்தான். தன் வீட்டுக்குத் தீ வராத வரையில் எல்லா வாதமும் நல்ல வாதமே.

ஒரு ஞாயிறன்று பிறையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தான். ஒரு சிறு திருத்தத்தைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருந்தான். அதனால் பல நாட்களில் நிலவு உண்மையான இடத்தைவிட்டுச் சற்று முன்னே தள்ளி நின்றது. தொலைநோக்கிக்காரர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். செங்கதிர் திருத்தினான். பக்கத்தில் எழுதினான்: 'பிறையில் பழைய பிழை ஒன்று நீக்கப்பட்டது. நிலவு இப்போது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.'

நாடு கொதித்தது. நற்பொழுதின் பெட்டிகளெல்லாம் அவன் பக்கத்திலிருந்து புதிய பதிப்பைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும் வகையில் கட்டப்பட்டிருந்தன. உள்ளே என்ன மாறியது என்று பார்க்க ஒருவனும் இல்லை. நேற்று வரை ரோகிணியில் பிறந்திருந்த பிள்ளைகள் இன்று கார்த்திகைக்கு இறங்கினார்கள். பொருந்திய ஜாதகங்கள் பிரிந்தன. மண்டபங்கள் ரத்தாயின.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வையாபுரி, கையில் லட்டுப் பெட்டியோடு செங்கதிரின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எம்பேத்திக்கு நிச்சயம் பண்ணி வெச்சிருக்குது. பத்துப் பொருத்தமும் இருந்துச்சுங்க. நீங்க ஏதோ திருத்துனீங்களாமா, இப்ப மூணுதான் இருக்குதுங்கறாங்க."

"ஐயா, முன்னாடி இருந்தது தப்புங்க. இப்ப இருக்கறதுதான் சரி."

"சரியோ தப்போ, அந்தத் தப்புல பத்து இருந்துச்சே! அந்தத் தப்பையே திருப்பிக் குடுத்துருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நீங்க என்ன பாடம் நடத்துனீங்க ஐயா?"

"இயற்பியலுங்க" என்றார் அவர், சற்றும் கூசாமல்.

லட்டை அவன் வாங்கவில்லை. ஆனால் தப்பைத் திருப்பிக் கொடுத்தான். நாளுக்கு நாள் வந்த வசவும் மிரட்டலும் கெஞ்சலும் அவனைச் சலிப்படைய வைத்திருந்தன. பக்கத்தில் எழுதினான்: 'பயனர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, பழைய பிழை மீண்டும் சேர்க்கப்பட்டது. உண்மை வேண்டுவோர் அதற்கான விசையை இயக்கிக்கொள்ளலாம்.' உண்மைக்கான விசையை ஒருவரும் இயக்கவில்லை. நிலவு மீண்டும் தவறான இடத்தில் போய் நின்றது. மக்கள் நிம்மதியாக உறங்கினார்கள். முட்டாள்கள் என்று எண்ணி அவனும் உறங்கினான். முட்டாள்தனத்துக்கு முட்டுக்கொடுத்தவன் எவன் என்று எண்ணிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

தீ வீட்டுக்கு வந்தது.

அவன் தங்கை கனல்மொழி. ஏழு வயதில் மேடையேறி, மூடநம்பிக்கையைச் சாடிப் பேசி, கைதட்டல் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பின் வாய் மூடியவள். பேசினால் வீட்டில் சண்டை, சண்டையைவிட மௌனம் மலிவு என்று கண்டுகொண்டவள். அவள் கணவன் சிவபிரகாஷ் பொறியியலில் பட்டம் பெற்றவன். அந்தப் பட்டத்தைச் சட்டமிட்டுச் சாமிப்படங்களுக்கு நடுவே மாட்டியிருந்தான்.

கனல்மொழியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த அன்று, நண்பகலில் சிவபிரகாஷிடமிருந்து அழைப்பு வந்தது. "மச்சான், கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர் ஏதேதோ சொல்றாங்க."

செங்கதிர் போனபோது, அறுவை அரங்கின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே டாக்டர் ஜெபராணி, சிவபிரகாஷின் தாய் நாச்சம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். கெஞ்சுகிறாரா அதட்டுகிறாரா என்று சொல்ல முடியாத குரல்.

"அம்மா, மறுபடி சொல்றேன். பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. எந்த நேரமும் வலிப்பு வரலாம். குழந்தையோட துடிப்பு குறையுது. இப்பவே எடுக்கணும்."

"எடுங்க, வேண்டாங்கல. சாயந்தரம் எடுங்க. இப்ப ஆயில்யமுங்க. பொட்டப்புள்ளயாப் போச்சுன்னா, ஆயில்யத்துல பொறந்தவளை எவன் கட்டுவான்? மாமியாளுக்கு ஆகாதுன்னு ஓடிப்போயிருவானுங்க. விளக்கு வெச்சா மகம் பொறந்துரும். மகம் ஜகத்தையே ஆளும்."

"ஆள்றதுக்கு முதல்ல பொறக்கணுமே அம்மா!"

"பொறக்கற நேரத்துல பொறக்கணும் டாக்டரம்மா."

செங்கதிர் மைத்துனனைத் தனியே இழுத்தான். "மாப்ள, கையெழுத்தப் போடுங்க. அவ உயிரு போயிரும்."

"எனக்குப் புரியுது மச்சான். நான் படிச்சவன். ஆனா அம்மா மனசு சங்கடப்பட்டா அப்புறம் வீட்டுல…"

"வீட்டுல யார் இருப்பா, யார் இல்லைங்கறதுதான் இப்பப் பேச்சு."

சிவபிரகாஷ் தன் காலணியைப் பார்த்தான். படிப்பு மூளைக்குள் போகும். முதுகெலும்புக்குள் போகுமென்று எந்தக் கல்லூரியும் உறுதி சொன்னதில்லை.

கண்ணாடி வழியாகக் கனல்மொழி தெரிந்தாள். முகம் வீங்கியிருந்தது. அண்ணனைக் கண்டதும் உதடு அசைந்தது. ஓசை வரவில்லை.

செங்கதிர் மருத்துவமனைக் கேண்டீனுக்கு ஓடினான். தேநீர் சிந்திக் கிடந்த மேசையில் மடிக்கணினியை விரித்தான். அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வாழ்நாளெல்லாம் வளர்த்த நம்பிக்கை: உண்மை காப்பாற்றும். பிழையை நீக்கிவிட்டால், உண்மையான நிலவு ஒருவேளை ஆயில்யத்தைத் தாண்டியிருக்கும். உண்மைக்கான விசையைத் தட்டினான்.

உண்மையான நிலவு இன்னும் பின்னே நின்றது. மகம் நாளைக்குத்தான்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிலவுக்கு அவன் தங்கைமேல் இரக்கமில்லை. நிலவுக்கு எவர்மேலும் எதுவுமில்லை. அதைத்தானே அவன் தந்தை ஆயுள் முழுவதும் துண்டறிக்கையில் அச்சடித்தார்! அப்படியிருக்க, அதனிடம் போய் இவனும் அல்லவா கையேந்தினான்? நாச்சம்மாள் நிலவின் பொய்யிடம் கேட்டாள். இவன் நிலவின் மெய்யிடம் கேட்டான். கேட்ட இடம் ஒன்றுதான்.

நிலவை விட்டான். மருத்துவமனைப் பெட்டிகள் பிறையிடம் நேரம் கேட்கும்போது சேர்த்து அனுப்பும் குறிப்புகளைப் பார்த்தான். அவற்றுள் ஒன்று, 'உயிருக்கு ஆபத்து' என்று மருத்துவர் இடும் குறி. டாக்டர் ஜெபராணி அதை இந்நேரம் இட்டிருப்பார். இதுவரை எந்த நிரலும் அதைத் தொட்டதில்லை. அந்தக் குறி வந்தால் நிலவின் இடத்தைச் சொல்லாமல் பச்சை என்றே பெட்டிக்குச் சொல்லும் விதி ஒன்றைச் செங்கதிர் எழுதினான். வெளியிட்டான். அந்த அவசரத்திலும் பழக்கம் விடவில்லை. பக்கத்தில் குறிப்பும் எழுதினான்: 'உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் குறித்தால், அந்த நொடியே நல்ல நேரம் என்று பிறை இனிச் சொல்லும். இதற்கும் நிலவுக்கும் தொடர்பு இல்லை. இது நான் இப்போது கேண்டீனில் அமர்ந்து எழுதிய விதி.'

அவன் மாடிக்கு ஏறி வந்தபோது விளக்கு பச்சையாகியிருந்தது.

"பாத்தீங்களா!" என்று நாச்சம்மாள் கைகூப்பினாள். "கும்புட்ட சாமி கைவிடல. நேரத்தையே இழுத்துக் குடுத்துருச்சு."

டாக்டர் ஜெபராணி அரங்குக்குள் ஓடினார்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால், அறிவு வென்றது என்று மேடை போட்டுப் பேசலாம். ஆனால் ஏமாறுவதில் நம் மக்களுக்கு உள்ள ஊக்கத்தை எவர் அளந்தார்? சிவப்பு திடீரெனப் பச்சையான செய்தி ஊர் ஊராகப் பரவியது. சில நாட்களில் திருவேங்கடசாமி பட்டு அங்கவஸ்திரத்தோடு திரையில் தோன்றி, 'ஆபத்து முகூர்த்தம்' என்றொன்று உண்டென்றும், அது ஓலைச்சுவடியில் ஒளிந்திருந்ததென்றும், யோகங்களில் தலையாய யோகம் அதுவே என்றும் அறிவித்தார். சுவடியைக் காட்டவும் காட்டினார். கேண்டீன் மேசையின் தேநீர்க் கறை மட்டும்தான் அதில் இல்லை.

டாக்டர் ஜெபராணி செங்கதிரை அழைத்தார். நற்பொழுதின் ஆட்களுக்கு வெளியே அவன் பக்கத்தைப் படித்திருந்தவர் அவர் மட்டும்தான்.

"தம்பி, நீங்க செஞ்சது நல்லதுதான். ஆனா இங்க நடக்கறதக் கேளுங்க. நல்லா இருக்கற பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து, 'ஆபத்துன்னு குறிச்சிக் குடுங்க டாக்டர், எங்களுக்கு அந்த முகூர்த்தந்தான் வேணும்'னு நிக்கறாங்க. சில டாக்டருங்க குறிச்சும் குடுக்கறாங்க. நேத்து லாரியில அடிபட்டு வந்த ஒருத்தருக்கு ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கல. உள்ள ஒரு கொழுகொழு அம்மிணி, ஆபத்துன்னு படுத்திருந்தா."

"அடிபட்டவரு?"

"வேற ஊருக்கு அனுப்பினோம். வழியிலயே போயிட்டாரு."

அந்த ஞாயிறன்று செங்கதிர் பிறையின் வரிகளையெல்லாம் அழித்தான். ஆண்டுக்கணக்கில் வளர்த்த செடியை வேரோடு பிடுங்கினான். கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. எந்த ஊர் கேட்டாலும், எந்த நேரம் கேட்டாலும், விடை ஒன்றே: நல்லது. பக்கத்தில் எழுதினான்: 'பிறை இனி நிலவைப் பார்ப்பதில்லை. எல்லா நேரமும் நல்ல நேரம் என்றே சொல்லும். வானம் பார்க்க விரும்புவோர் தயவுசெய்து வெளியே வந்து அண்ணாந்து பார்க்கவும்.'

பூகம்பம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. நாடெங்கும் பெட்டிகள் பச்சையாக எரிந்தன. கல்யாணங்கள் நடந்தன, கடைகள் திறந்தன, பிள்ளைகள் பிறக்க வேண்டிய நேரத்தில் பிறந்தன. 'புதிய பதிப்பு முன்பைவிடத் துல்லியம்' என்று பாராட்டு வந்தது. விலங்கை அறுத்துவிட்டான், அறுந்த விலங்கு கழன்று விழாமல் அவர்களே இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

பிறகு ஒருநாள் திருவேங்கடசாமியே தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, உங்க ஒரு வரியப் பார்த்தேன். எங்க பசங்க காட்டினாங்க. அழகா இருக்கு."

"கோவம் வரலைங்களா?"

"எதுக்கு கோவம்? மூணு மாசமா எல்லாம் பச்சை. ஒரு புகார் இல்ல, ஒரு கேஸ் இல்ல. ஆனா ஒரு சங்கடம் பாருங்க. சிவப்பே எரியாத பெட்டிய எவன் சந்தா கட்டி மாட்டிப்பான்? பயம் கொஞ்சம் வேணும் தம்பி. சாப்பாட்டுல உப்பு மாதிரி. அப்பப்ப சிவப்பு காட்டுற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க."

"எப்ப காட்டணும்?"

"எப்ப வேணா."

"நிலவைப் பார்த்தா?"

அந்தப் பக்கம் மனம்விட்டு ஒரு சிரிப்பு. "நிலவ எவன் தம்பி பார்த்தான்?"

பக்தனாவது ஏமாந்தவன். இந்தப் பூசாரியோ ஏமாறாதவன். கருவறைக்குள் ஒன்றுமில்லை என்று அறிந்தே கதவைச் சாத்திக் காவல் நிற்பவன். செங்கதிர் மறுத்தான். மறுத்து என்ன பயன்? திறந்த நிரல், எவரும் எடுக்கலாம், எவரும் மாற்றலாம். நற்பொழுதின் ஆட்களே எடுத்துக்கொண்டார்கள். பகடை உருட்டுவதைப் போல ஓர் எண்ணை உருட்டி, அது சொன்னபடி சிவப்போ பச்சையோ காட்டினார்கள். மருத்துவமனைகள் தங்களுக்கு மட்டும் எப்போதும் பச்சையே வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டன. அந்த அளவுக்கு அவர்களுக்குப் புத்தி வந்திருந்தது. மற்ற இடங்களில் பகடை ஆண்டது. செங்கதிர் அதையும் வரி விடாமல் பக்கத்தில் எழுதிவைத்தான்.

கனல்மொழியின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஆபத்து முகூர்த்தத்தில் அவதரித்த குழந்தையைப் பார்க்க உறவுக்கூட்டம் மண்டபத்தை நிறைத்தது. தாய்மாமன் மடியில் குழந்தை இருந்தது. ஊசியோடு ஆசாரி எதிரே உட்கார்ந்திருந்தார். சுவரில் பெட்டி, பெட்டியில் சிவப்பு. பின்கட்டிலிருந்து பிரியாணி மணம் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க, பச்சை வந்துரட்டும்" என்றாள் நாச்சம்மாள்.

பொறுத்தார்கள். குழந்தை சிணுங்கியது. ஆசாரி ஊசியைத் துடைத்து, மறுபடியும் துடைத்தார். பந்திக் கதவைப் பார்த்த கண்கள் சிவப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டன.

கனல்மொழி எழுந்தாள். கைப்பேசியில் அண்ணனின் பக்கத்தைத் திறந்து, மேடையில் நின்ற பழைய குரலில், முதலிலிருந்து படித்தாள். திருப்பிக் கொடுத்த பிழையை, கேண்டீனில் எழுதிய விதியை, ஒற்றை வரியை, பகடையை, எல்லாவற்றையும்.

"இது சுவடியில இருந்ததில்லைங்க. இவ பொறந்த நேரம், எங்கண்ணன் ஆஸ்பத்திரி கேண்டீன் மேசையில உக்காந்து எழுதுன நேரம். எல்லாரும் கேட்டுக்கோங்க."

சிவபிரகாஷ் காலணியைத் தேடினான், வெளியே விட்டிருந்தான். நாச்சம்மாள் பெட்டியைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள், கடைசியில் செங்கதிரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ தெளிந்தது. முழுவதும் விளங்கிக்கொண்டவளின் தெளிவு.

"அப்படிங்களா தம்பி? எல்லாம் நீங்க எழுதறதுதானா?" என்றாள் பயபக்தியோடு. "அப்பக் காதுகுத்துக்கும் ஒண்ணு எழுதிருங்களேன். ஆளுக பசியோட நிக்கறாங்க பாருங்க."



கனல்மொழி அண்ணன் மடியருகே மண்டியிட்டு, மகளின் தலையை மெல்லத் திருப்பிப் பிடித்தாள்.

"குத்துங்க ஆசாரி."

"அம்மிணி, சிவப்பு எரியுதுங்களே…"

"எரியட்டும். குத்துங்க."

குத்தினார். குழந்தை வீறிட்டது. ஒரு சொட்டு இரத்தம் துளிர்த்தது. அதைக் கனல்மொழி தன் முந்தானையால் ஒற்றினாள். இடி விழவில்லை. அடுத்த காதும் ஆயிற்று.

பந்திக் கதவு திறந்தது. நாச்சம்மாள் உட்பட எல்லோரும் இடம் பிடிக்க விரைந்தார்கள். பெட்டி இன்னும் சிவப்பாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இலைக்கு முந்தியவர்களில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.